சண்டைக்காரனை டீமில் சேர்க்கலாமா?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பிள்ளைகள் ஃபுட்பால் டீமின் கமிட்டி கூட்டம். கமிட்டி என்றதும் ஏசி ரூம், மினரல் வாட்டர் என்று கற்பனை செய்துவிடாதீர்கள். ஐந்து அப்பா அம்மாக்கள், ஒரு தெர்மாஸ் காபி, மைதானத்துப் பார்க்கிங்கில் நின்றபடி பேச்சு. அவ்வளவுதான். மெல்போர்னுக்கு வந்து பதினெட்டு வருஷமாகப் பொட்டி தட்டிக்கொண்டிருக்கும் அடியேன் அதில் பொருளாளர்.

விஷயம் இதுதான். பதினாலு வயதுக்குட்பட்டோர் அணியில் ஒரு பையனைச் சேர்ப்பதா வேண்டாமா. நம் தமிழ்க் குடும்பம்தான். பந்து அவன் காலில் இருந்தால் அடுத்த வீட்டுக்காரரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். ஆனால் இதுவரை இரண்டு கிளப் அவனை வெளியே அனுப்பிவிட்டது. ரெஃப்ரீயைத் திட்டுவது, பயிற்சிக்கு வராமல் இருப்பது, அடிதடி. போன சீசனில் எதிரணியில் இருந்தபோது ஒரு பையனின் முழங்காலில் உதைத்து அவனை மூன்று வாரம் நொண்ட வைத்தான். அந்த நொண்டியவன் வேறு யாருமில்லை, என் சீமந்த புத்திரன்.

இரண்டு ஓட்டு வேண்டும், இரண்டு ஓட்டு வேண்டாம். ஐந்தாவது என்னுடையது. 'வியாழக்கிழமை சொல்கிறேன்' என்று தப்பித்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் தங்கமணி கேட்ட முதல் கேள்வி: "இதுல யோசிக்க என்னங்க இருக்கு?"

இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் கொசுவத்தி சுற்றி, பெங்களூர் வரை போய்வர வேண்டும்.

நான் வளர்ந்தது அல்சூர் பக்கம். பெங்களூர் என்றால் ஐடி, டிராஃபிக் ஜாம், மசால் தோசை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். கண்டோன்மென்ட் பெங்களூர் ஒரு காலத்தில் ஃபுட்பால் ஊர். அல்சூர், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன், கௌதமபுரம் என்று பட்டாளத்தை ஒட்டி வளர்ந்த பேட்டைகளில் தமிழ் பேசுகிறவர்கள் அதிகம். வெள்ளைக்கார சோல்ஜர்கள் ஆடியதைப் பார்த்து வெறுங்காலோடு கற்றுக்கொண்ட ஆட்டம். கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். நம்மூரில் யார் யாருக்கோ சிலை இருக்கும்போது பெலேவுக்கு இருக்கக் கூடாதா என்ன.

சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை. 1937-ல் ரோவர்ஸ் கோப்பையை வென்ற முதல் இந்திய கிளப் பெங்களூர் முஸ்லிம்ஸ். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து ஆட்டம் பிரான்சுக்கு எதிராக. நம்மவர்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடினார்கள், கிடைத்த இரண்டு பெனால்டியையும் கோட்டைவிட்டார்கள், கடைசி நேரத்தில் 2-1 என்று தோற்றார்கள். அந்த ஒரே கோலைப் போட்டவர் மைசூர் மாநில ஆட்டக்காரர் சாரங்கபாணி ராமன். அதே அணியில் இருந்த அகமது கானும் தன்ராஜும் பெங்களூர்க்காரர்கள். இருவரும் கல்கத்தா ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்குப் போய், அங்கே 'பஞ்ச பாண்டவர்' என்று கொண்டாடப்பட்ட ஐந்து ஃபார்வர்டுகளில் இரண்டு பேரானார்கள்.

நல்லா ஆடுகிறவன் கல்கத்தாவுக்குப் போவான். போகாதவனுக்கு இங்கே கம்பெனி வேலை. இந்தக் கம்பெனி விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கதையும் அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

சுதந்திரத்துக்கு முன்னும் பின்னுமாகப் பெங்களூரில் வரிசையாகப் பொதுத்துறை நிறுவனங்கள் வந்தன. 1940-ல் எச்.ஏ.எல்., 1948-ல் தூரவாணி நகரில் ஐ.டி.ஐ., 1954-ல் பி.இ.எல். டெலிபோன் செய்கிற ஐ.டி.ஐ.யின் ஃபுட்பால் டீம் 1977-ல் எர்ணாகுளத்தில் நடந்த முதல் ஃபெடரேஷன் கோப்பை ஃபைனலில் மோகன் பகானை 1-0 என்று தோற்கடித்தது. தேசம் முழுக்கத் தெரிந்த கல்கத்தா ஜாம்பவானை ஒரு தொழிற்சாலை டீம் கவிழ்த்தது!

இந்த மாதிரி டீம்களில் ஆட்டக்காரனுக்குக் கிடைத்தது ஒரு ஒப்பந்தம் மட்டுமில்லை, ஒரு வாழ்க்கை. காலையில் பயிற்சி, பிறகு செக்‌ஷனில் வேலை. அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் கையெழுத்து. கேன்டீனில் சாப்பாடு. பி.எஃப். பிடித்தம். பக்கத்து மேஜையில் ஒரு அண்ணாச்சி, "என்னப்பா கண்ணு செவந்திருக்கு, ராத்திரி எங்கே போயிருந்தே?" என்று கேட்பார். அது தொல்லைதான். ஆனால் வரலாற்றைப் பார்க்கும்போது அந்தத் தொல்லை எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கும் என்று தோன்றுகிறது.

என் அப்பா அப்படி ஒரு நிறுவனத்தில் ஸ்டோர்ஸ் செக்‌ஷன். (எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள், மேலே சொன்ன மூன்றில் எதுவும் இல்லை.) இளவயதில் கோல்கீப்பர். அதனால் ஸ்போர்ட்ஸ் கோட்டா ஆள் எடுக்கும் மூன்று பேர் குழுவில் அவரும் ஒருவர்.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருந்தார். இடது கால்காரர். எல்லோரும் 'லெஃப்ட்டு' என்றுதான் கூப்பிடுவோம். அவர் பெயரே எனக்கு ரொம்ப நாள் தெரியாது. கார்னர் கிக்கை நேராகக் கோலுக்குள் வளைத்துப் போடுவார். ஆனால் ஆள் ஒரு மாதிரி. பி டிவிஷன் லீக்கில் லைன்ஸ்மேனை அறைந்தார். லீக் மேட்ச் இருக்கும் நாளில் சொல்லாமல் கொள்ளாமல் கோலார் தங்கவயலுக்குப் பஸ் ஏறி, காசுக்கு நடக்கும் டோர்னமென்டில் ஆடிவிட்டு வருவார். 1989-ல் அப்பாவின் கம்பெனி செலக்‌ஷனுக்கு அவர் வந்தார். அன்று மைதானத்தில் அவரை விட நல்லா ஆடியவன் யாருமில்லை என்று அப்பாவே சொன்னார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மா கேட்டாள், "அந்தப் பையன் விஷயம் என்ன ஆச்சுங்க?"

"வேணாம்னு எழுதிட்டேன்."

அதற்கு மேல் பேச்சில்லை. எட்டாங்கிளாஸ் படித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போது அப்பா மீது வந்த கோபம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. நிற்க. இந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

கல்கத்தாவுக்கு வருவோம், ஏனென்றால் இந்தியாவில் இந்தக் கேள்விக்கு மிகப் பெரிய உதாரணம் அங்கேதான். 1980. ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் முக்கியமான ஆட்டக்காரர்கள் பலர் அணி மாறிப் போய்விட்ட வருஷம். அலிகர் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்திருந்த ஈரானியப் பையன்களை கிளப் பிடித்து வந்தது. அதில் இரண்டு பேர் மஜீத் பிஷ்கர், ஜம்ஷித் நசீரி. மஜீத் ஆடியதைப் பார்த்த கல்கத்தாக்காரர்கள் இன்றும் அவருக்கு மேலே ஒரு வெளிநாட்டுக்காரர் இந்தியாவில் ஆடியதில்லை என்று சத்தியம் செய்வார்கள். அந்த வருஷமே ஈஸ்ட் பெங்கால் ஃபெடரேஷன் கோப்பையை மோகன் பகானோடு பகிர்ந்துகொண்டது.

பிறகு மஜீத் சரிந்தார். குடி, போதை என்று பேச்சு. பயிற்சிக்கு வருவது குறைந்தது. முகமதன் ஸ்போர்ட்டிங் போனார், அங்கேயும் பழைய மஜீத் திரும்பவில்லை. எண்பதுகளின் பிற்பகுதியில் ஊர் திரும்பினார். திறமை இருந்தது, ஒழுக்கம் இல்லை என்று ஒரு வரியில் கதையை முடித்துவிடுவார்கள்.

எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை. மஜீத்தின் ஊர் கோரம்ஷர். ஈரான்-ஈராக் எல்லையில் இருக்கும் துறைமுக நகரம். 1980 செப்டம்பரில் போர் தொடங்குகிறது, அக்டோபரில் அந்த ஊர் ஈராக் படையிடம் விழுகிறது. 1982 மே மாதம்தான் மீட்கப்படுகிறது. அதாவது கல்கத்தா அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடிய அதே மாதங்களில் அவர் பிறந்த ஊர் இடிந்துகொண்டிருந்தது. செல்போன் கிடையாது, ஈமெயில் கிடையாது. ஊர் எரியும்போது வேறு நாட்டில் வேலைக்குப் போய் உட்கார்வது எப்படி இருக்கும் என்று இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1983-ஐ வெளிநாட்டிலிருந்து பார்த்தவர்கள் இருக்கிறீர்கள்.

மஜீத்தின் காலைச் சுற்றி ஆயிரம் பேர் இருந்தார்கள். ராத்திரி அவர் அறைக் கதவைத் தட்ட ஒரு ஸ்டோர்ஸ் செக்‌ஷன் அண்ணாச்சி இருந்தாரா?

இதை எழுதிவிட்டு, பழி முழுவதையும் கிளப் தலையில் போட்டுவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஜம்ஷித். அதே நாடு, அதே போர், அதே கிளப். அவர் நிலையாக நின்றார், கல்கத்தாவிலேயே குடும்பம் நடத்தினார், கோச் ஆனார். 2022 ஜனவரி 29 அன்று கல்கத்தா டெர்பியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி, ஏடிகே மோகன் பகானுக்காக ஹாட்ரிக் அடித்த கியான் நசீரி அவருடைய பையன்தான். எதிரணி? அப்பாவைத் தூக்கிவிட்ட ஈஸ்ட் பெங்கால்! ஆக, ஒரே சூழலில் ஒருவர் நிற்கிறார், ஒருவர் விழுகிறார். இதற்கு என்னிடம் விளக்கம் கிடையாது. 2019 ஆகஸ்டில் ஈஸ்ட் பெங்கால் நூற்றாண்டு விழாவுக்கு மஜீத் கல்கத்தா வந்தபோது ஏர்போர்ட்டில் கூட்டம் அலைமோதியது. முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து. அந்த வீடியோவை ஆபீசில் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன் என்றால் நம்புவீர்களா?

கியான் ஹாட்ரிக் அடித்த மூன்றாவது வாரம், அதே ஏடிகே மோகன் பகான் அணியில்தான் அடுத்த விவகாரம். இது நம்ம பெங்களூர் வரை வந்து சேர்ந்த கதை.

சந்தேஷ் ஜிங்கன். சண்டிகர்க்காரர், இந்தியாவின் முன்னணி டிஃபெண்டர், 2020-ல் அர்ஜுனா விருது. 2014-லிருந்து ஆறு வருஷம் கேரளா பிளாஸ்டர்ஸின் செல்லப்பிள்ளை. 2020-ல் அவர் விலகியபோது அவருடைய 21ஆம் எண் ஜெர்சியை இனி யாருக்கும் தருவதில்லை என்று கிளப் அறிவிக்கிற அளவுக்கு. 2022 பிப்ரவரி 19 அன்று அதே பிளாஸ்டர்ஸுக்கு எதிராக 2-2 டிரா. மைதானத்தை விட்டு வெளியே வரும்போது, பெண்களோடு மேட்ச் ஆடிவிட்டு வந்தேன் என்று அவர் இந்தியில் சொன்னது கேமராவில் பதிவாகிவிட்டது. பற்றிக்கொண்டது. முதலில் ஏதோ கோபத்தில் சொன்னது என்று சமாளித்தார், பிறகு வீடியோவில் மன்னிப்புக் கேட்டார். பிளாஸ்டர்ஸ் ரசிகர்கள் 21ஆம் எண்ணுக்குக் கொடுத்த மரியாதையைத் திரும்பப் பெறச் சொன்னார்கள்.

அந்தக் கோபம் நியாயமானதே. போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் வேலையும் பார்த்துக்கொண்டு இந்திய அணிக்கும் ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசனைப் போன்ற பெண்கள் இருக்கிற நாட்டில் அது என்ன பேச்சு? எங்கள் கிளப்பில் இருக்கும் பெண் பிள்ளைகள் டீம், என் பையன் டீமைப் போன மாதம் 4-0 என்று பந்தாடியது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

அதே வருஷம் ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. அவரை எடுத்தது. பள்ளிக்கூட நண்பர்கள் வாட்ஸப் குழுவில் இரண்டு நாள் ரணகளம். பெங்களூரு எஃப்.சி. 2013-ல் தொடங்கி முதல் சீசனிலேயே ஐ-லீக் ஜெயித்த கிளப். 2018-19-ல் ஐ.எஸ்.எல். பட்டம். அதற்குப் பிறகு சறுக்கல். முந்தைய இரண்டு சீசனில் ஏழாவது இடம், ஆறாவது இடம். டிஃபென்ஸுக்கு ஆள் தேவை. அதற்காக இவரா என்பதுதான் கேள்வி. பெங்களூருக்கும் பிளாஸ்டர்ஸுக்கும் ஏற்கனவே ஏழாம் பொருத்தம் வேறு.

நான் அப்போது வேண்டாம் என்ற கட்சி. காரணம், அந்த அணியில் இருந்த ஒரு பையன். சிவசக்தி நாராயணன், சிவகங்கைச் சீமை கண்டனூர்க்காரர், அப்போது 21 வயது. இந்த மாதிரிப் பிள்ளைகள் இருக்கும் டிரெஸ்ஸிங் ரூமில் பெரியவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பது முக்கியம் இல்லையா?

நடந்ததைச் சொல்கிறேன். செப்டம்பர் 18 அன்று கல்கத்தாவில் மும்பை சிட்டியை 2-1 என்று வென்று பெங்களூரு முதல் முறையாக டியூராண்ட் கோப்பையைத் தூக்கியது. முதல் கோல் சிவசக்தி. ஐ.எஸ்.எல்.லில் பாதி சீசன் வரை பரிதாபம், பிறகு தொடர்ந்து எட்டு வெற்றி. 2023 மார்ச் 3 அன்று கண்டீரவா ஸ்டேடியத்தில் பிளேஆஃப், எதிரே பிளாஸ்டர்ஸ். எக்ஸ்ட்ரா டைமில் சுனில் சேத்ரி சடாரென்று ஒரு ஃப்ரீ கிக்கைக் கோலுக்குள் தட்டிவிட, பிளாஸ்டர்ஸ் அணி மைதானத்தை விட்டே வெளியேறியது. அதற்காக அவர்களுக்கு 4 கோடி ரூபாய் அபராதம். வேடிக்கையைப் பாருங்கள்: 'தொல்லை பிடித்தவர்' என்று நாங்கள் பயந்த ஆள் தன் பழைய கிளப்புக்கு எதிரான அந்த ஆட்டத்தில் வம்பின் மையத்தில் இல்லை.

அடுத்து மார்ச் 12, மும்பையோடு செமிஃபைனல் இரண்டாவது ஆட்டம். மொத்தக் கணக்கு 2-2. பெனால்டி ஷூட்-அவுட் போய்க்கொண்டே இருக்கிறது. எட்டுக்கு எட்டு. குர்பிரீத் ஒன்றைத் தடுக்கிறார். அடுத்து பந்தை எடுத்துக்கொண்டு வந்தவர் ஜிங்கன். போட்டார், 9-8. இங்கே விடியற்காலை, என் கத்தலில் தங்கமணி எழுந்து வந்து திட்டியது தனிக்கதை. ஃபைனலில் பெனால்டியில் ஏடிகே மோகன் பகானிடம் தோற்றோம். சிவசக்திக்கு அந்த சீசனின் வளரும் வீரர் விருது. அடுத்த சீசன் ஜிங்கன் கோவாவுக்குப் போய்விட்டார்.

என் கணிப்பு தப்பு. ஆனால் 'பாத்தியா, எடுத்தது சரி' என்று நண்பர்கள் சொல்வதோடும் எனக்கு முழு உடன்பாடில்லை. பெனால்டி போஸ்டில் பட்டு வெளியே போயிருந்தால் எடுத்தது தப்பாகிவிடுமா? நான் பார்ப்பது வேறு. அந்த அணியில் சேத்ரி இருந்தார். இந்திய அணியில் பல வருஷம் கூட ஆடியவர், அவர் எதிரே இஷ்டத்துக்கு நடந்துவிட முடியாது. பக்கத்து மேஜை அண்ணாச்சி!

வெளியூர் உதாரணம் ஒன்றே ஒன்று, எரிக் கான்டனா. பிரான்சில் ரெஃப்ரீ மீது பந்தை எறிந்தவர், கிளப் கிளப்பாகச் சண்டை போட்டவர். 1992 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் 12 லட்சம் பவுண்டுக்கு எடுத்தது. 1995 ஜனவரியில் பார்வையாளர் ஒருவர் மீது பாய்ந்து உதைத்தார். எட்டு மாதம் தடை. வேறு மேனேஜராக இருந்தால் கை கழுவியிருப்பார். ஃபெர்குசன் பாரிஸ் வரை போய் உட்கார்ந்து பேசித் திரும்ப அழைத்து வந்தார். ஐந்து சீசனில் நான்கு பட்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். கோர்ட் கொடுத்த தண்டனை பலருக்கு மறந்திருக்கும்: முதலில் இரண்டு வாரம் ஜெயில், அப்பீலில் அது 120 மணி நேரச் சமூக சேவையாக மாறியது. அந்த 120 மணி நேரமும் சின்னப் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுத்தார்.

இப்போது லெஃப்ட் அண்ணன் கதைக்கு வருகிறேன். வேலை கிடைக்காத பிறகு அல்சூர் ஏரிப் பக்கம் சைக்கிள் பஞ்சர் கடை போட்டார். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு எங்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுப்பார். எனக்கு இடது காலில் பந்தை நிறுத்தத் தெரியும் என்றால் அது அவர் போட்ட பிச்சை. நான் யார் வீட்டுப் பிள்ளை என்று அவருக்குத் தெரியும். ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

2010-ல் லீவுக்குப் போயிருந்தபோது அப்பாவை ஸ்கூட்டரில் உட்கார வைத்து அந்தப் பக்கமாகப் போனேன். கடையைத் தாண்டியதும் அப்பா பின்னாலிருந்து சொன்னார்:

"அன்னிக்கு எங்க மூணு பேர்ல ஒருத்தர் இவனைப் பாத்துக்கறேன்னு சொல்லியிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பேன்டா. நானே சொல்லியிருக்கலாம். அப்ப தோணலை."

அடுத்த வருஷம் அப்பா போய்விட்டார்.

வியாழக்கிழமை கூட்டத்தில் சேர்க்கலாம் என்று சொன்னேன். இரண்டு நிபந்தனையோடு. ஒன்று, ரெஃப்ரீயிடம் வாயை விட்டால் அடுத்த இரண்டு ஆட்டம் பெஞ்ச், கோல் அடிப்பவன் என்றாலும். இரண்டு, பயிற்சிக்கு அவனைக் கூட்டி வந்து கொண்டுவிடுவது என் பொறுப்பு. அவன் அம்மாவுக்கு நைட் ஷிஃப்ட், பையன் பயிற்சிக்கு வராததற்குப் பாதிக் காரணம் அதுதான் என்று விசாரித்தபோதுதான் தெரிந்தது. முந்தைய இரண்டு கிளப்பிலும் யாராவது விசாரித்தார்களா என்று தெரியவில்லை. மூன்றுக்கு இரண்டு என்று பாஸ் ஆனது. வேண்டாம் என்று ஓட்டுப் போட்ட இரண்டு பேருக்கும் இன்னும் கோபம்தான். அவர்கள் பயமும் பொய்யில்லை. என் பையன் மட்டும் நான்கு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. அவன் முழங்கால், அவன் உரிமை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு அந்த வீட்டு வாசலில் ஹாரன் அடித்தேன். அவன் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடி வந்தான். கார்க் கதவைத் திறந்தவன், உள்ளே என் பையனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, என் பையன் பக்கத்து சீட்டில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.